கமக்காரர் உதவுவார்கள் என்றொரு வாக்கு



ரொறன்ரோவில் நடக்கும் எங்கள் கலைவிழாக்களிலும் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களிலும் அண்மைக்காலமாக ஒரு வழக்கம் சேர்ந்திருக்கிறது. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, கனடிய தேசிய கீதம், அகவணக்கம் ஆகியவற்றோடு ஒருவர் மேடைக்கு வந்து ஒரு தாளைப் பார்த்து நில ஒப்புகையை வாசிப்பார். மிசிசாகா, அனிஷினாபே, சிப்பேவா, ஹோடனோசோனி, வென்டாற் என்று பெயர்கள் வரும். சபையில் இருப்பவர்கள் அந்தப் பெயர்கள் முடியும்வரை பொறுமையாக இருப்பார்கள். பிறகு வரவேற்பு நடனம் தொடங்கும்.

அந்தப் பெயர்களுக்குரிய மக்களுக்கும், இங்கு வந்து குடியேறிய கமக்காரருக்கும் இடையில் இருந்த உறவைப் பற்றியதே இக்கட்டுரை. இதில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இந்த மண்ணுக்கு முதன்முதலாகப் பெருந்தொகையாக வந்திறங்கிய ஐரோப்பியக் கமக்காரரும் எங்களைப் போல அகதிகள்தான். மற்றது, அவர்கள் சார்பில் இங்குள்ள மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கு இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

மண்ணின் முதல் கமக்காரர்

காடாய்க் கிடந்த நாட்டை வெள்ளைக்காரர் வந்து வெட்டித் திருத்தி விளைநிலமாக்கினார்கள் என்றே எங்களில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை வேறு. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் வென்டாற் மக்களின் முன்னோர் பெருங்கமம் செய்தார்கள். மார்க்கத்துக்கு வடக்கே ஸ்ரவ்வில் பகுதியில் 2003 முதல் 2005 வரை நடந்த அகழ்வாய்வில் அவர்களுடைய ஊர் ஒன்று முழுமையாக வெளிப்பட்டது. நீண்ட வீடுகள் 98 அங்கே அடையாளம் காணப்பட்டன. ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கணக்கிட்டார்கள். அத்தனை பேருக்கும் சோறு போட்டது அவர்களுடைய சோள வயல்.

சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே மேட்டில் நட்டார்கள். மூன்று சகோதரிகள் என்பது அந்தப் பயிர்களுக்கு அவர்கள் வைத்த பெயர். சோளத்தண்டில் அவரைக்கொடி படரும். அவரை மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடிப் புல் முளைக்காமலும் ஈரம் காயாமலும் காக்கும். பந்தலும் பசளையும் வாங்கிக் கட்டுப்படியாகாத எங்கள் வீட்டுத்தோட்டக்காரர் இதைக் கவனிக்கலாம்.

ஸ்காபரோவில் லோறன்ஸ் வீதியும் பெலமி வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே ரேபர் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. எங்கள் குடும்பங்கள் பல அதைச் சுற்றியே வாழ்கின்றன. 1956ஆம் ஆண்டு வீடு கட்டுவதற்காக அந்த மேட்டை இயந்திரம் கொண்டு தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 500க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்ட, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி அது. அங்கே கிடப்பவர்களை வென்டாற் மக்களின் முன்னோர் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். இந்தச் சுற்றாடலில் முதலில் கமம் செய்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு கடனும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மிளகாய், புகையிலை, மரவள்ளி, தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை ஆகிய எதுவும் எங்கள் மண்ணில் தோன்றியதல்ல. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிக் கமக்காரர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்துத் திருத்திய பயிர்கள் அவை. போர்த்துக்கேயர் காலத்திலும் அதற்குப் பின்னும் கடல் கடந்து எங்களிடம் வந்தன. திருவிதாங்கூர் வரை கப்பலேறி எங்கள் வீடுகளைக் கல்வீடுகளாக்கிய புகையிலை இங்குள்ள மக்களுக்குப் புனிதமான செடி. ஒரு பெரியவரிடம் அறிவுரை கேட்கப் போனால் முதலில் கொஞ்சம் புகையிலையைக் கையில் கொடுத்து வணங்குவார்கள். நாங்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதைப் போன்ற மரியாதை அது.

அகதிகளாக வந்தவர்கள்

1640களின் இறுதியில் நடந்த போர்களில் வென்டாற் மக்கள் சிதறினார்கள். பின்னர் ஹோடனோசோனி கூட்டமைப்பைச் சேர்ந்த செனெக்கா மக்கள் ஹம்பர், ரூஜ் ஆற்றங்கரைகளில் ஊர் அமைத்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் முடிவில் அனிஷினாபே இனத்தவரான மிசிசாகா மக்கள் வடக்கிலிருந்து வந்து இந்த ஏரிக்கரையைத் தங்கள் வாழிடமாக்கினார்கள்.

1783இல் அமெரிக்கப் புரட்சி முடிந்தது. ஆங்கில அரசருக்கு விசுவாசமாக நின்றவர்கள் வீடு, வளவு, தோட்டம் எல்லாவற்றையும் இழந்து ஆயிரக்கணக்கில் வடக்கே ஓடிவந்தார்கள். பிரித்தானியர் பக்கம் நின்று போரிட்ட மோஹோக் முதலிய ஹோடனோசோனி மக்களும் நியூயோர்க் பகுதியில் இருந்த தங்கள் தாயகத்தை இழந்தார்கள். சிக்ஸ் நேஷன்ஸ் என்று இன்று நாங்கள் கேள்விப்படும் ஆறு தேசத்தார் அவர்களே. இவர்களையெல்லாம் குடியேற்ற அரசாங்கத்துக்குக் காணி தேவைப்பட்டது. காணியோ மிசிசாகா மக்களிடம் இருந்தது.

1784 மே 22ஆம் திகதி மிசிசாகா தலைவர்கள் ஒன்ராறியோ, ஈரி ஏரிகளுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் நிலத்தில் மற்றவர்கள் குடியேறச் சம்மதித்தார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தவை 1,180 பவுண் பெறுமதியான பொருட்கள். ஆறு தேசத்தாரை உறவினராகக் கருதுவதாகவும், அவர்கள் வந்து அருகில் இருப்பதில் மகிழ்ச்சி என்றும் மிசிசாகா தலைவர் பொக்குவான் பேசினார். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆளுநர் ஹல்டிமன்ட் கிரான்ட் ஆற்றின் இருமருங்கும் ஆறு மைல் அகல நிலத்தை ஆறு தேசத்தாருக்கு ஒதுக்கினார். ஏறத்தாழ 950,000 ஏக்கர். இன்று அவர்கள் கையில் இருப்பது அதில் ஐந்து வீதத்துக்கும் குறைவு. கிச்சினர், வாட்டர்லூ, பிரான்ற்போர்ட் என்று எங்கள் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போகும் நகரங்கள் எல்லாம் அந்த ஒதுக்கீட்டுக்குள் இருந்தவைதான்.

அறுதியா, ஒற்றியா?

ரொறன்ரோவின் கதை இன்னும் சிக்கலானது. 1787 செப்டெம்பரில் குயின்ரே குடாவில் நடந்த ஒரு கூட்டத்தில் ரொறன்ரோ நிலம் வாங்கப்பட்டதாக அரசாங்கம் சொன்னது. சில ஆண்டுகள் கழித்து உறுதியை எடுத்துப் பார்த்தபோது அதிகாரிகளே திகைத்தார்கள். எல்லை விபரம் எழுதப்படவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று தலைவர்களின் குலக்குறிகள் வேறொரு துண்டுத் தாளில் வரையப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. எங்கள் ஊர் நொத்தாரிசு எவரும் அப்படி ஓர் உறுதியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

அந்தக் குறையை மிசிசாகா மக்களுக்குச் சொல்லாமலே 1805இல் புதிய பத்திரம் ஒன்றில் ஒப்பம் வாங்கப்பட்டது. 250,830 ஏக்கர் நிலத்துக்குக் கொடுக்கப்பட்டது 10 ஷில்லிங். முன்பு பேசப்பட்டதைவிட அதிக நிலம் அதில் அடங்கியது. மிசிசாகா மக்கள் 1986இல் கோரிக்கை தாக்கல் செய்து, 2010இல் 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடு அந்த வழக்கு முடிவுக்கு வந்தது.

பணத்தை ஒருபுறம் வைப்போம். இரண்டு பக்கத்தாரும் என்ன நினைத்து ஒப்பம் வைத்தார்கள் என்பதே முக்கியம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த எங்கள் தேசவழமையில் ஒற்றி என்று ஒரு முறை உண்டு. காணியின் பயனை ஒருவர் அனுபவிப்பார், ஆனால் காணி கைமாறிவிடாது. அறுதியாக விற்பது வேறு, ஒற்றி வைப்பது வேறு என்பதை எங்கள் அப்பு ஆச்சிமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மிசிசாகா மக்கள் தங்கள் உடன்படிக்கைகளை அறுதி விற்பனையாக நினைக்கவில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். புதியவர்கள் வந்து பயிர் செய்யலாம், தாங்கள் வழக்கம்போல் மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், ஆண்டுதோறும் அரசரிடமிருந்து பரிசுப் பொருள் வரும், எல்லோரும் அயலவராக வாழலாம் என்பது அவர்களுடைய விளக்கம். அரசாங்கமோ அதை அறுதி உறுதியாகவே வைத்துக்கொண்டது.

1805இல் கேட்கப்பட்ட கேள்வி

1805ஆம் ஆண்டு கிறெடிற் ஆற்றங்கரையில், இன்றைய மிசிசாகா நகரப் பகுதியில், அரச அதிகாரிகளுடன் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே கினிபெனோன் என்ற மிசிசாகா தலைவர் எழுந்து பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கமக்காரர் உங்களுக்கு உதவுவார்கள் என்று கேணல் பட்லர் எங்கள் பழைய தலைவர்களிடம் சொன்னார். ஆனால் நாங்கள் ஏரிக்கரையில் பாளையம் அடித்தால் அவர்கள் எங்களைத் துரத்துகிறார்கள். எங்கள் நாய்களைச் சுடுகிறார்கள். தருவதாகச் சொன்ன உதவி எதுவும் வரவில்லை. எங்களை ஏன் இப்படி நடத்துகிறார்கள் என்று அறிய விரும்புகிறோம்.

எனக்குத் தெரிந்தவரை ரொறன்ரோ வரலாற்றில் இதைவிட நேரான கேள்வி கேட்கப்படவில்லை. அவர் நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சொன்ன சொல் என்னவாயிற்று என்றுதான் கேட்டார்.

ஏன் அப்படி நடந்தது? மிசிசாகா மக்கள் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பவர்கள் அல்ல. பனி உருகும் காலத்தில் மேப்பிள் மரத்தில் பாணி எடுப்பார்கள். கோடையில் ஆற்றோரச் சமவெளியில் சோளம் நடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஆற்று வாயில் சால்மன் மீன் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் உள்காட்டில் வேட்டையாடுவார்கள். ஒரு பருவம் போய்த் திரும்பி வந்தால் வழக்கமான இடத்தில் ஒரு வேலி நிற்கும். வேலிக்கு உள்ளே நின்ற கமக்காரனைப் பார்த்தால், அவனும் ஊரிழந்து வந்தவன். அவனுக்கு அரசாங்கம் 200 ஏக்கருக்கு ஓர் உறுதி கொடுத்து, காடு வெட்டித் திருத்தினால்தான் காணி உனக்கு என்றது. பட்லர் கொடுத்த வாக்கைப் பற்றி அந்த உறுதியில் ஒரு வரியும் இல்லை. ஒருவர் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு அவருக்கே அதைச் சொல்லாமல் விட்டால் அயலுறவு எப்படி நிலைக்கும்?

அதற்குப் பின் அரசாங்கம் ஏரிக்கரை நிலங்களையும் வாங்கியது. கிறெடிற் ஆறு உட்பட சில ஆறுகளின் மீன்பிடி உரிமை மட்டும் மிசிசாகா மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதுவும் மதிக்கப்படவில்லை. 1829இல் அந்த உரிமையைக் காக்க மேல் கனடாச் சட்டசபை தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் மரம் அரியும் ஆலைகளுக்கும் மா அரைக்கும் ஆலைகளுக்குமாக ஆறுகளில் அணைகள் எழுந்தன. காடு போனதும் ஆறு சூடேறியது, மண் கரைந்து ஓடியது. ஒரு காலத்தில் ஆறு நிறைய ஏறிவந்த ஒன்ராறியோ ஏரிச் சால்மன் இனம் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துபோயிற்று.

மிசிசாகா மக்களே கமக்காரராக மாறியும் பார்த்தார்கள். 1826இல் கிறெடிற் ஆற்றங்கரையில் மரவீடுகள் கட்டி ஊர் அமைத்தார்கள். அவர்களை வழிநடத்திய பீற்றர் ஜோன்ஸ் வெள்ளையரான நில அளவையாளருக்கும் மிசிசாகாப் பெண்ணுக்கும் பிறந்தவர். அந்தச் சிறு நிலத்துக்காவது ஓர் உறுதி தாருங்கள் என்று இங்கிலாந்து வரை போய் 1838இல் விக்ரோறியா மகாராணியையும் சந்தித்துக் கேட்டார். உறுதி கிடைக்கவில்லை. மீனும் மரமும் குறைந்து, சுற்றிலும் குடியேற்றம் நெருக்க, 1847இல் அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? 1784இல் அகதிகளாக வந்த அதே ஆறு தேசத்தார். அன்று நீங்கள் எங்களுக்கு இடம் தந்தீர்கள் என்ற நன்றியை மறவாமல் கிரான்ட் ஆற்றருகே 4,800 ஏக்கரை அவர்கள் மிசிசாகா மக்களுக்குக் கொடுத்தார்கள். ஹாகர்ஸ்வில் அருகே இன்றும் அவர்கள் வாழும் நியூ கிறெடிற் அவ்வாறு தோன்றியது. அகதியாக வந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்நாட்டு வரலாற்றில் இதைவிட வேறு பாடம் தேடத் தேவையில்லை.

ஸ்காபரோவும் ரூஜ் ஆறும்

எங்களில் பெரும்பாலோர் வாழும் ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங், ஏஜக்ஸ் பகுதிகள் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று அழைக்கப்படும் 1923ஆம் ஆண்டு உடன்படிக்கைகளுக்குள் வருகின்றன. ஏழு சிப்பேவா, மிசிசாகா சமூகங்கள் அதில் ஒப்பமிட்டன. அந்த ஒப்பத்தோடு தங்கள் வேட்டை, மீன்பிடி உரிமையும் போய்விடும் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஆனால் அரசாங்கம் அப்படியே பொருள் கொண்டது. 1994இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2018இல்தான் 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டுடனும், அறுவடை உரிமைகளின் அங்கீகாரத்துடனும், ராமாவில் பகிரங்க மன்னிப்புடனும் அந்த வழக்குத் தீர்ந்தது. ரூஜ் பள்ளத்தாக்கைத் தாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்று கிறெடிற் மிசிசாகா மக்கள் 2015இல் தனியாக ஒரு கோரிக்கையையும் முன்வைத்தார்கள்.

இதே ரூஜ் பகுதியில் கமக்காரருக்கும் காணி பறிபோன கதை உண்டு. 1972இல் பிக்கறிங்கில் விமான நிலையம் கட்டுவதற்கென மத்திய அரசு 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆயின, பலர் விட்டுப் போனார்கள். விமான நிலையம் கட்டப்படவே இல்லை. அங்கு கட்டப்போவதில்லை என்று 2025 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. அந்தக் காணிகளின் பெரும்பகுதி முன்பே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. பூங்காவுக்குள் கமக்காரர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள். பூர்வகுடித் தேசங்களின் ஆலோசனை வட்டம் ஒன்றும் பூங்கா நிர்வாகத்தோடு இயங்குகிறது. கமக்காரரும் பூர்வகுடியினரும் ஒரே நிலத்தைப் பற்றிப் பேசும் ஓர் இடம் இருநூறு ஆண்டுகள் கழித்து உருவாகியிருக்கிறது.

2022 டிசெம்பரில் ஒன்ராறியோ அரசு பசுமை வலயத்திலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கரை வீடமைப்புக்கென விலக்கியது. டஃபின்ஸ் ரூஜ் விவசாயப் பாதுகாப்பு நிலமும் அதில் அடக்கம். கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன. தங்களைக் கேட்காமல் செய்தது உடன்படிக்கைக்கு மாறானது என்று பூர்வகுடித் தலைவர்கள் சொன்னார்கள். 2023இல் அரசு பின்வாங்கியது. எதிர்த்தவர்கள் பலர். ஆனால் 1805இல் வேலியின் இருபுறமும் நின்றவர்கள் இம்முறை ஒரே பக்கம் நின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எங்கள் பங்கு

காணி பறிபோவது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். உறுதி கையில், காணி முட்கம்பிக்குள் என்ற நிலையில் எத்தனை பேர் கண்மூடினார்கள். ஊரில் எங்களுக்கும் பூர்வகுடி அயலவர் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் வாழ்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது உள்நாட்டு வேடர் பலர் தங்கள் காட்டைவிட்டு மகாவலிக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தினைப்புனம் காத்த வள்ளியை வேடர் மகளாகப் போற்றி வணங்கும் நாங்கள், அந்த வேடருக்கு நடந்ததைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்?

இங்கே நாங்கள் வீட்டின் பின்வளவில் பயற்றையும் கத்தரியும் வெண்டியும் நடுகிறோம். பங்குத் தோட்டத்தில் துண்டு எடுக்கிறோம். நகருக்கு வெளியே கமம் வாங்கும் எண்ணமும் சிலருக்கு இருக்கிறது. அப்படி மண்ணில் கைவைக்கும் ஒவ்வொருவருக்கும் பட்லரின் வாக்கில் ஒரு பங்கு உண்டு. பெரிய காரியம் எதுவும் தேவையில்லை. ஒரு துண்டு நிலம் எடுக்குமுன் அது எந்த உடன்படிக்கைக்குள் வருகிறது என்று பாருங்கள். காணியில் பழைய மட்பாண்டமோ எலும்போ வெளிப்பட்டால் மூடி மறைக்காமல் முறைப்படி அறிவியுங்கள். ஆற்றங்கரையில் மீன் பிடிக்கும், மருந்துச்செடி சேர்க்கும் பூர்வகுடி மனிதரைக் கண்டால் அத்துமீறி வந்தவராகப் பார்க்காதீர்கள். அவருக்கு அங்கே உங்களுக்கு முந்திய உரிமை இருக்கலாம். ஊரில் கிணற்றுப் பங்கையும் ஒழுங்கைப் பாதையையும் மதித்த அதே நாகரிகம்தான் இது.

பிள்ளைகளை ஒருநாள் நியூ கிறெடிற்றுக்குக் கூட்டிப்போங்கள். ஆகஸ்ட் இறுதியில் அங்கு நடக்கும் பவ்வாவ் விழாவுக்கு எவரும் போகலாம். பிரான்ற்போர்ட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பழைய விடுதிப் பள்ளிக் கட்டிடத்தையும் காட்டுங்கள். 1970இல் மூடப்பட்ட அந்தப் பள்ளியில் பிள்ளைகள் பண்ணை வேலையும் செய்விக்கப்பட்டார்கள். கிரான்ட் ஆற்றுப் பகுதியில் இன்றும் விளையும் வெள்ளைச் சோளத்தை விலை கொடுத்து வாங்கி வந்து கூழ் காய்ச்சிப் பாருங்கள்.

அடுத்த முறை விழா மேடையில் அந்தத் தாளை வாசிக்கும்போது, பெயர்களோடு இன்னொரு வரியையும் சேர்க்கலாம் என்பது என் யோசனை. கமக்காரர் உதவுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது, அதை நாங்கள் அறிவோம் என்ற ஒரு வரி. கினிபெனோன் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. ஆனால் கேள்வி காதில் விழுந்தது என்றாவது அவர்களுக்குத் தெரியும்.